நாலு நட்டு, பதினோரு கிலோ

இல்லீங்க, நாயனமெல்லாம் இல்லீங்க. நீங்க ஒருத்தர்தான்னு இல்ல, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலருந்து இந்தப் பொட்டியைப் பார்க்கறவனெல்லாம் இதையேதான் கேக்கறான். கண்டக்டரு வந்து, மேல போடுங்க, வழியை அடைக்குதுங்கறான். மேல போடறதா? இது ஒரு தடவை கீழ வுழுந்தா அளவு போச்சு. அப்பறம் வெறும் இரும்புத் தடி. டிக்கெட் கிழிக்கறவனுக்கு அதை என்னன்னு சொல்லிப் புரிய வைக்கறது? மடியிலயே வச்சுக்கறேன்னுட்டேன். உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க, இந்தப் பக்கமாத் திருப்பிக்கறேன்.

இது டார்க் ரென்ச்சுங்க. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவால்ல, மெக்கானிக்குன்னு போர்டு மாட்டிட்டு உக்காந்திருக்கறவனுகளே கேள்விப்படல. ஒவ்வொரு நட்டுக்கும் இத்தனை இறுக்கந்தான் இருக்கோணும்னு ஒரு அளவு இருக்குது. அந்த அளவை இதுல வச்சுட்டு முறுக்குனீங்கன்னா, அளவு வந்ததும் டக்குனு ஒரு சத்தம் குடுக்கும். அத்தோட கையை எடுத்துரோணும். கொறைஞ்சா நட்டு கழண்டு வீலு ஓடிரும். கூடுனா போல்ட்டு இழுபட்டு ஒடைஞ்சுரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது இது ஒண்ணுதான்.

இதைத் தூக்கிட்டு நான் மூலனூருக்குப் போறது நாலு நட்டுக்காகங்க. என் சம்சாரம் ருக்குமணி இன்னைக்கு வெடியால காரை எடுத்துட்டு அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. முன்னால எடது பக்கத்து வீலை அவளே மாட்டியிருக்கறா. இது இல்லாம. வெறும் ஸ்பானர்ல. ஒண்டிப்புதூர்ல இருந்து மூலனூரு நூறு கிலோமீட்டர். வீலை மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடுனா மறுபடி நட்டைப் பார்க்கோணும்னு புஸ்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கறான். போன் பண்ணுனா எடுக்கறதில்ல. திரும்பி வரும்போது வீலு கழண்டுச்சுன்னா என்னாகும்? அதான் ஓடறேன்.

என் பேரு குழந்தைவேலுங்க. பீளமேட்டுல ஒரு பம்பு செட் கம்பெனில முப்பத்தியொரு வருசம் இன்ஸ்பெக்சன். ரிஜெக்ட் குழந்தைவேலுன்னா அன்னைக்கு அந்த ஏரியாவுல தெரியாத ஆள் கெடையாது. ஒரு முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் செவப்பு பெயிண்டைத் தடவி ஓரமா தள்ளிருவேன். மொதலாளியே ஒருக்கா வந்து, ஏப்பா, இதைச் சித்த பார்த்து வுட்டறக் கூடாதான்னாரு. அவர் நிக்கும்போதே இன்னொரு கோட்டு பெயிண்டு அடிச்சேன். நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டானுக, ஒருத்தன் கண்ணுலயும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அத்தனையும் பொறாமைங்க.

அப்படி இருந்தவன்கிட்ட எங்க தெரு மெக்கானிக்கு திருமூர்த்தி வேலை காட்டுனான் பாருங்க. ஐப்பசி மாசம், டயர் பஞ்சர்னு அவன்கிட்ட வுட்டேன். வீலை மாட்டுனான். ஸ்பானரை நட்டுல சொருகிட்டு அது மேல ஏறி நின்னுட்டான். நின்னதோட இல்ல, ரெண்டு குதி வேற குதிச்சான். என்னப்பா இதுன்னேன். 'கல்லாட்ட இருக்கும் சார், காலத்துக்கும் கழலாது'ங்கறான். பெருமையா வேற சொல்றான்.

ஊட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் கார் நட்டுக்கு அளவு பழைய கணக்குல பதினோரு கிலோ. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பி நுனில பதினோரு கிலோவைத் தொங்கவுட்டா என்ன முறுக்கு வுழுமோ அது. அந்த ஸ்பானர் கால் மீட்டர். கால் மீட்டர்னா நாலு மடங்கு எடை வேணும், நாப்பத்திநாலு கிலோ. திருமூர்த்தி எண்பதுக்குக் கொறையமாட்டான், தின்னு தின்னு வளர்த்து வச்சிருக்கறான். குதிக்காமயே ஏறக்கொறைய ரெண்டு பங்கு. இதை ருக்குமணியக் கூப்புட்டு உக்கார வச்சு, நோட்டுல படம் போட்டுக் காட்டுனேன். கால் மீட்டர், நாப்பத்திநாலு கிலோ, பதினோரு கிலோ. அவ கையில மாவு. கேட்டுட்டு, சரிங்கன்னு போயிட்டா. அவளுக்கு என்னத்தைப் புரியும்?

மக்யா நாளே வீலைக் கழட்டுனேன். சொன்னா நம்பமாட்டீங்க, நாலு போல்ட்டுல மூணு இழுபட்டிருந்துச்சு. புதுசு வாங்கி மாட்டுனேன். ஆனா நட்டை முறுக்கல. முறுக்குனா அளவா முறுக்கோணும், இல்லைன்னா தொடக்கூடாது. காருக்கு அடியில செங்கல் அடுக்கி நிறுத்திட்டேன். டார்க் ரென்ச்சு வந்தப்பறந்தான் வீலுன்னு சொல்லிட்டேன். 'எத்தனை நாளாகுமுங்க'ன்னா ருக்குமணி. ஒரு வாரம்னேன்.

ஒரு வாரத்துல வாங்கற சாமானாங்க இது? டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில போய் கேட்டா, அவன் தூசு தட்டி ஒண்ணை எடுத்து வச்சு, எல்லாம் ஒண்ணுதானுங்கறான். எல்லாம் ஒண்ணா? முள்ளு வச்சது ஒரு ரகம், அது கெடாது, ஆனா குனிஞ்சு நேரா பார்த்தாத்தான் அளவு. கார் வீலுக்கு அப்படிக் குனிஞ்சு பார்க்க முடியாது. பேட்டரி போட்டு நம்பர் காட்டறது ஒண்ணு. பேட்டரி சாகறப்ப அதுவும் சேர்ந்து சாகும். டக்குனு சத்தம் குடுக்கறது ஒண்ணு, ஊட்டுல கார் வேலை பார்க்கறவனுக்கு அதுதான். அதுலயும் நம்ம நட்டோட அளவு ரென்ச்சோட அளவுக்கு நடுவாந்தரமா வுழுகோணும். கீழ் நுனிலயும் மேல் நுனிலயும் அது பொய் சொல்லும். அதை வச்சு நட்டைக் கழட்டக்கூடாது, முறுக்கறதுக்கு மட்டுந்தான். வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கோணும். எப்பவும் இறுக்கியே வச்சிருந்தா அளவு கெட்டுரும். இத்தனை இருக்குது. அந்தக் கடைக்காரன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவன் அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்கப் போயிட்டான்.

அப்பறம் போன்லதான். ஒரு நோட்டு நெறைய எழுதுனேன். வீடியோ போடறவனுக பாதிப் பேரு ரென்ச்சை வாலைப் பிடிச்சுத் தூக்கறானுக, கைப்பிடியில பிடிக்கோணும்னுகூடத் தெரியாம. மொதல்ல வந்தது சைக்கிளுக்கு ஆகற சைசு. திருப்பியனுப்புனேன். ரெண்டாவது வந்தது லாரிக்கானது, என் இடுப்பு ஒசரம். அதையும் அனுப்புனேன். இதுக்குள்ள கார்த்தி போயி மார்கழி வந்துருச்சு. மார்கழில ருக்குமணி தையல் மெசினைப் போட்டு அவ ஜாக்கெட்டையெல்லாம் எடுத்துச் சைடுல சின்னதாப் பிடிச்சுட்டிருந்தா. அந்தச் சத்தத்துல வீடியோ ஒண்ணும் கேக்கல. எந்நேரமும் என்ன கடகடன்னு சத்தம் போட்டேன். நிறுத்திட்டா. கையிலயே தைச்சுக்கிட்டா.

மூணாவது வந்ததுதான் இது. அரை இஞ்சு மண்டை, இருபத்தியெட்டுல இருந்து இருநூத்திப்பத்து வரைக்கும், நம்ம நட்டோட பதினோரு கிலோ அதுல புதுக் கணக்குல நூத்தியெட்டு. கச்சிதமா நடுவுல. ஆனா அளவு சரியா இருக்குதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் இல்ல. அவன் சொன்னா நான் நம்பிரோணுமா? சிட்கோவுல ஒரு லேப்ல குடுத்தேன், சரிபார்த்துச் சர்ட்டிபிகேட் போட்டு கூரியர்ல அனுப்பறேன்னாங்க. தை நோம்பி லீவுன்னு அங்கயும் இழுத்தானுக.

இதுக்கு நடுவுல ருக்குமணி எல்லா எடத்துக்கும் பஸ்லதான் போனா. கண்ணு ஆஸ்பத்திரிக்கு, மருதமலைக்கு, மார்க்கெட்டுக்கு. லைசன்ஸு இருக்குது அவளுக்கு, நல்லாவே ஓட்டுவா, கிளட்சுல காலை வச்சுட்டே ஓட்டறான்னு நான்தான் குடுக்கறதில்ல. பஸ்ல போறமேன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லலைன்னா சம்மதம்னுதானுங்க அர்த்தம்?

அப்பத்தான் அவ அண்ணன் வெள்ளியங்கிரிக்கு முடியாமப் போச்சு. ஒரே அண்ணன். அப்பா அம்மா போனப்பறம் அவளை வளர்த்துக் கட்டிக் குடுத்ததெல்லாம் அவருதான். அதை நான் இல்லைங்கல. ஆனா மனுசன் காட்டு மோட்டாரைக் கம்பி சுத்தி ஓட்டற ரகம், அளவுன்னா என்னன்னு கேப்பாரு. ஒரு புதன்கெழமை வெடியால போன் வந்துச்சு. அண்ணனுக்கு மூச்சு இழுக்குது, ருக்குமணி வந்தாச்சான்னு வாசலையே பார்த்துட்டிருக்கறாரு, ஒடனே வாங்கன்னு.

அவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்காம திருமூர்த்திக்குப் போன் போட்டுட்டா. அவன் ஸ்பானரோட ஓடியாந்து கேட்டுல நிக்கறான். 'பத்து நிமிசம் சார், மாட்டித் தர்றேன்'ங்கறான். மறுபடியும் ஏறிக் குதிக்கறதுக்கு. எடுத்து வைடான்னேன். நாளைக்கு வியாழக்கெழமை ரென்ச்சு வருது, மூணு மாசம் பொறுத்தவங்க ஒரு நாள் பொறுக்க முடியாதான்னேன். 'சார், மூச்சு இழுக்குதுங்கறாங்க'ன்னான். நீ டாக்டரான்னேன். அவன் ருக்குமணியப் பார்த்தான். இவ வாசப்படியில சேலை மாத்தி, பைய எடுத்துட்டு நிக்கறா. அப்ப டாக்சி கூப்புடட்டுங்களான்னா. சொந்தக் காரு நிக்கையில எதுக்கு டாக்சி, அந்த டாக்சிக்காரன் நட்டை எந்தத் திருமூர்த்தி முறுக்குனானோன்னேன். அவ செருப்பைப் போட்டுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

மூணு பஸ் மாறிப் போயிருக்கறா. போய்ச் சேர்ந்தது பன்னண்டு மணி. பத்தரைக்கே முடிஞ்சு போச்சாம். கார்ல போயிருந்தா பத்து மணிக்குப் போயிருப்பா, அது ஒரு கணக்கு. வழியில வீலு கழண்டிருந்தா ரெண்டு எளவு, அதுவும் ஒரு கணக்குத்தானுங்களே. நீங்க எதுக்கு இப்படிப் பார்க்கறீங்க? கணக்கைச் சொன்னேன்.

நான் போகலீங்க. அடுத்த நாள் எடுத்தாங்க, அன்னைக்குத்தான் கூரியர் வர்ற நாளு. கையெழுத்துப் போட ஆள் வேணுமில்ல? மச்சானை எடுக்கறப்ப மாப்பிள்ளை வரலையான்னு ஒறம்பரைச் சனமெல்லாம் பேசுனாங்களாம். பேசட்டும். அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கு அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. கூரியரும் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா, ரென்ச்சுல ஒரு நம்பரு, சர்ட்டிபிகேட்டுல வேற நம்பரு. ஒரே ஒரு எழுத்துத்தான் மாறியிருக்குது, அவசரத்துல தப்பா அடிச்சிருக்கறாங்கன்னு லேப்ல அந்தப் பொண்ணு போன்ல சொல்லுது. ஒரு எழுத்துன்னா? அப்ப இது யாரோட சர்ட்டிபிகேட்டு? திருப்பி அனுப்புனேன்.

மூணாம் நாள் அவ திரும்பி வந்தா. கார் அதே செங்கல் மேல நின்னுச்சு. ரென்ச்சு வரலைங்களான்னா. வந்துச்சு, ரிஜெக்ட் பண்ணிட்டேன்னேன். பையக் கீழ வச்சா. அப்பறம் உள்ள போயி சோத்துக்கு அரிசி போட்டா.

அதுலருந்து பதினோரு நாளு. நாளைக்குக் கருமாதி. அதுக்குள்ள புதுச் சர்ட்டிபிகேட்டைக் கையோட வாங்கியாந்துரோணும்னு இன்னைக்கு வெடியால நானே சிட்கோவுக்குப் போனேன். நம்பரைக் கண்ணாடி போட்டு மூணு தடவை சரிபார்த்து வாங்கியாந்தேன். ஊட்டுக்கு வந்து பார்த்தா போர்டிகோ காலி. செங்கல் நாலும் செவுத்தோரமா அடுக்கியிருக்குது. ஜாக்கி அதோட எடத்துல. ஸ்பானரைத் தொடைச்சு, படியில வச்சிருக்கறா.

எதிர் ஊட்டு ஜெயந்திதான் சாவியக் கொண்டாந்து குடுத்துச்சு. அக்காவே மாட்டுனாங்கண்ணா, நான் சும்மா டயரைப் பிடிச்சேன், அவ்வளவுதான்னு சொல்லுச்சு. எப்படி முறுக்குனான்னேன். ஸ்பானர் நுனில ஏறி நின்னாங்கன்னுச்சு. குதிச்சாளான்னேன். குதிக்கலையாம். செவுத்தைப் பிடிச்சுட்டு மெதுவா ஏறி நின்னு, ஸ்பானர் எறங்கி நின்னதும் எறங்கிட்டாளாம். ஒரு நட்டு முடிச்சு பக்கத்து நட்டுக்குப் போகாம எதுத்தாப்பல இருக்கற நட்டுக்குப் போனாளாம். அது நான் சொல்லிக் குடுத்ததுங்க, குறுக்க குறுக்கத்தான் முறுக்கோணும்னு. கேக்கவே இல்லைன்னு நெனைச்சேன்.

ரெண்டு சேதி சொல்லிட்டுப் போயிருக்கறா. ரென்ச்சு வந்தா சாமி ரூமுல வைக்கச் சொல்லுன்னாளாம். எங்கயாச்சும் உண்டுங்களா? கற்பூரப் புகை பட்டா துரு ஏறிப் போகுமே. சாமி ரூமுல வைக்கற சாமானா இது? இன்னொண்ணு, 'அளவு சரியாத்தான் இருக்குது, உங்கண்ணன் பயப்பட வேண்டாம்னு சொல்லு'ன்னாளாம். எதை வச்சுச் சொல்றா? எந்தக் கருவியில பார்த்தா? நாலெழுத்துப் படிச்ச பொம்பள பேசற பேச்சாங்க?

இன்னொரு கூத்தைக் கேளுங்க. பொட்டி ரெண்டு எடுத்துட்டுப் போயிருக்கறா. தையல் மெசினைக் காணோம். கிரைண்டரையும் ஜெயந்தி பிடிக்க டிக்கில ஏத்திட்டாளாம். ஒரு நாள் கருமாதிக்குக் கிரைண்டர் எதுக்குங்க? அங்க இல்லாத கிரைண்டரா? அத்தனை லோடுக்குப் பின் டயர்ல காத்து கூட வைக்கோணும், அதை வச்சாளான்னு தெரியல. ஜெயந்திகிட்டக் கேட்டா, அது மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பொம்பளைகளுக்குக் காத்தைப் பத்தி என்ன தெரியும்?

என்னங்க கேட்டீங்க? சத்தத்துல கேக்கல. எடையா? யாரோட எடை?

அட, நல்ல கேள்விதானுங்க. பரவால்ல, இத்தனை நேரம் பேசுனதுக்கு உங்களுக்காச்சும் ஏறியிருக்குது. அவ குதிக்கல, சும்மா நின்னா. அப்ப அவ எடை தெரிஞ்சா நட்டோட அளவு தெரிஞ்சு போகுது. கால் மீட்டர் ஸ்பானர். அம்பத்தெட்டு கிலோன்னா நாலுல ஒரு பங்கு, பதினாலரை. மூணரை கிலோ கூட. போல்ட்டு இழுபட்டிருக்கும். போன வருசம் ஆஸ்பத்திரில மெசின்ல ஏறுனப்ப அம்பத்தெட்டு, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். இப்ப எத்தனைன்னு தெரியலீங்க. ஜெயந்திகூடச் சொல்லுச்சு, அக்கா பாதியா எளைச்சுட்டாங்களே, நீங்க பார்க்கலையாண்ணான்னு. நான் நட்டைப் பத்திக் கேக்கறேன், இது எளைச்சதைப் பத்திப் பேசுதேன்னு இருந்துச்சு.

பதினோரு கிலோ சரியா வரோணும்னா அவ நாப்பத்திநாலு இருக்கோணும்.

அந்த ஜாக்கெட்டுங்க. மார்கழில எடுத்துச் சின்னதாப் பிடிச்சாளே.

சித்த இருங்க. கண்ணு ஆஸ்பத்திரில எடை பார்த்துத்தான் சீட்டு எழுதுவாங்க. போன வாரந்தான் போயிட்டு வந்தா. சீட்டை டேபிள் மேல என் நோட்டுக்குப் பக்கத்துல வச்சிருந்தா. நான் அது மேலதான் டீ டம்ளரை வச்சேன். நாப்பத்திநாலு கிலோன்னு நோட்டுல படம் போட்டுக் காட்டுனது நான்தானுங்களே. அவ எடை அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுதான் ஏறி நின்னிருக்கறா. தெரிஞ்சுதான் அளவு சரியா இருக்குதுன்னு சொல்லிவுட்டிருக்கறா.

அப்ப நட்டு சரியா இருக்குதுங்க. நான் போயிப் பார்க்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

இல்லைங்க, அப்படி இருக்காது. அம்பத்தெட்டுல இருந்து நாப்பத்திநாலுக்கு ஒரு மனுசி நாலு மாசத்துல எறங்குவாளா, அதுவும் நான் ஊட்டுலயே இருக்கையில? அம்பதாச்சும் இருப்பா. அம்பதுன்னா பன்னண்டரை, நட்டு கொஞ்சம் இறுகியிருக்கும், கழட்டி மாட்டிக்கலாம். நட்டு தப்பா இருக்கட்டும்னு இப்பத்தாங்க நான் மொதத் தடவையா வேண்டிக்கறேன்.

குண்டடம் தாண்டிருச்சுங்களா? தாராபுரத்துல நான் எறங்கி மாறோணும். ஒரு ஒதவி பண்ணுங்க, இந்தப் பொட்டிய வாங்கி மேல வச்சிருங்க. பரவால்லீங்க, சும்மா வைங்க. வுழுந்தா வுழுகட்டும்.